கரிமூட்ட வருடத்து ரசம்

விருதுநகரில் என் மகள் வீடு மிளகாய் வத்தல் குடோன்கள் இருக்கும் தெருவில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வாசல்படி ஏறுவதற்குள் தும்மத் தொடங்கிவிடுவார்கள். சில வாரங்களுக்கு முன் வந்த இளைய ஃபாதரும் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

“எப்படிம்மா இந்த நெடியில குடியிருக்கீங்க?” என்றார்.

“என்ன நெடி, ஃபாதர்?” என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவர் பூசைக்குத் திராட்சை ரசம் தயாரித்த எங்கள் இல்லத்தின் கடைசிப் பொறுப்பாளர். எல்லாவற்றையும் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் வேலை அந்தப் பாவப்பட்டவர் தலையில் விழுந்திருந்தது. துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். நிலவறையில் ஓர் அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். லேபிள் எதுவும் இல்லை, கழுத்தில் ஒரு சிவப்பு நூல் மட்டும் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியவர் பிரதர் ஞானப்பிரகாசம். அது எந்த வருடத்து ரசம் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“உங்க கை பட்டது, உங்ககிட்டயே இருக்கட்டும்மா,” என்றார் ஃபாதர். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். இல்லம் மூடப்பட்டதை ஒட்டி ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். “நல்ல நினைவா எழுதுங்கம்மா,” என்றார் மறுபடியும் தும்மிக்கொண்டே.

அந்தச் சரக்கு என்னிடம் குறைவு. இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பாட்டில் என் எதிரில்தான் இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று பேர் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று தெரிந்துபோகும். அதனாலேயே திறக்காமல் வைத்திருந்தேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் சொந்த ஊர் ஆமத்தூர். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தேன். எம். புதுப்பட்டிக்கு மேற்கே, மலையைப் பார்த்த செவல் நிலத்தில் ஒரு துறவற சபை திராட்சைத் தோட்டம் வைத்துப் பூசைக்கு ரசம் தயாரித்து வந்தது. அங்கே பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். வாத்தியார் வேலை வரும்வரை என்று போனேன். அது வரவே இல்லை, நானும் அங்கேயே தலை நரைத்துப்போனேன்.

வெளியாட்கள் அதை ஒயின் என்பார்கள். எங்களுக்கு அது ரசம். பன்னீர்த் திராட்சை, பந்தல் சாகுபடி. கொடியை வெட்டிக் கவாத்து செய்வது முதல் பழம் ஒடிப்பது வரை சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள்தான் வேலை. வெயில் ஏறிய பங்குனி, சித்திரைப் பழத்தில்தான் சர்க்கரை நன்றாக நிற்கும். பழத்தை நசுக்கி, தோலோடு தொட்டியில் விட்டால் தானாகவே பொங்கி நொதிக்கும். தோல் மேலே மிதந்து வந்து மூடிக்கொள்ளும். அதைக் காலையிலும் மாலையிலும் மரத்துடுப்பால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்கும். பிறகு பிழிந்து, தெளியவைத்து, மண்டியைக் கீழே விட்டுவிட்டுப் பீப்பாய்க்கு மாற்றுவோம். பூசை ரசத்தில் சீனி சேர்க்கக் கூடாது, தண்ணீர் சேர்க்கக் கூடாது, வாசனை கீசனை எதுவும் சேர்க்கக் கூடாது. கொடி கொடுத்ததுதான் பீடத்துக்குப் போக வேண்டும். அது திருச்சபையின் சட்டம்.

இத்தனை வருடம் செய்த ரசத்தைப் பூசையில் நான் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. சனங்களுக்கு அப்பம் மட்டும்தான் கொடுப்பார்கள், ரசம் குருவானவரோடு சரி. எனக்குத் தெரிந்த ருசியெல்லாம் நிலவறையில் நாக்கில் புரட்டிவிட்டு வாளியில் துப்பியதுதான்.

துப்பக் கற்றுக்கொடுத்தவர் பிரதர் ஞானப்பிரகாசம், இல்லத்தின் ரசப் பொறுப்பாளர். குருப்பட்டம் வாங்காத துறவி. உயரமான ஆள், நடக்கும்போது வாசல் நிலைக்குப் பயந்து எப்போதும் தலையைக் குனிந்தே இருப்பார். மற்ற நாட்களில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ருசி பார்க்கும் நாளில் மட்டும் மௌன விரதம். அன்றைக்குக் காப்பி கிடையாது. நாங்கள் பூ வைத்துக்கொள்ளக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. ஒரு தடவை நான் சந்தனச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன். வாயைத் திறக்காமல் என்னைத் தோட்டத்துப் பக்கம் கை காட்டினார். அன்று முழுக்கப் பந்தலடியில் சருகு கூட்டினேன்.

காலை வெளிச்சம் விழும் சன்னலோரம் ஒரு மேசை. மேலே வெள்ளை வேட்டியை விரிப்பார். கண்ணாடிக் குவளையில் கால்பங்கு ஊற்றிச் சாய்த்து, ரசத்தின் விளிம்பை வேட்டிக்கு எதிரே பார்ப்பார். இளம் ரசத்துக்கு விளிம்பு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். வயது ஏற ஏற அது செங்கல் நிறத்துக்கு வரும். பிறகு குவளையை அசைக்காமல் ஒருமுறை மோப்பம், சுழற்றிவிட்டு ஒருமுறை. அப்புறம் ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி, துப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு ரசத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு கை வெறும் பொரி மென்று, தண்ணீர் குடித்து வாயைக் கழுவிக்கொள்வார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் தீர்ப்பு. அதற்கு அவரிடம் தனிப் பாஷை இருந்தது. துப்பியவுடன் ருசி போய்விட்டால், “வந்துச்சு, போயிருச்சு” என்பார். புளிப்பு தூக்கலாக இருந்தால், “வந்ததும் சண்டை பிடிக்கி.” வாயில் நின்று நிதானமாக அடங்கினால், “உக்காந்து பேசுது.” இந்த மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் பல் தெரியும். அப்படிப்பட்ட வருடங்களில் ஒரு பீப்பாயைத் தனியே ஒதுக்கி, வயதேற விட்டுவிடுவார். பூசைக்கு எதற்குப் பழைய ரசம் என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆண்டவர் கல்யாண வீட்டில் தண்ணீரை ரசமாக்கிக் கடைசியாகத்தானே நல்லதைக் கொடுத்தார் என்று சமாளிப்பார்.

அவருடைய நாக்குக்கு அடுத்தபடி இந்தத் தாலுகாவில் என் நாக்குதான் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இனி அந்த வருடம். வழக்கு, தடை என்று பட்டாசுக் கம்பெனிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தீபாவளி ஆர்டர் எடுக்கும் சீசனில்கூடச் சுற்றுப்பட்டு முழுக்க வெறிச்சென்று இருந்தது. எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே இருக்கும் தெருவில் அத்தனை பேரும் முன்பு விவசாயக் கூலி வேலை பார்த்து, பிறகு பட்டாசுக்குப் போனவர்கள். நிலமும் காய்ந்துபோயிருந்தது, கம்பெனியும் இல்லை. அவர்களில் முனியாண்டியும் அவன் மனைவி பேச்சியம்மாளும் ஒரு காலையில் கேட்டடியில் வந்து நின்றார்கள். பேச்சி கவாத்துச் சமயத்தில் எங்களிடம் வேலைக்கு வருகிறவள்.

“பிரதர், சபை நெலத்துல கெழக்க சீமைக்கருவேலம் சும்மாதானே நிக்கி. அதை வெட்டி மூட்டம் போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டான் முனியாண்டி. “கரிக்கு ஆள் இருக்கு, லோடு எடுக்க லாரியே இங்கன வந்துரும்.”

பிரதர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “வெட்டிக்கோங்கலே. அங்கனயே எடம் சுத்தம் பண்ணி மூட்டமும் போட்டுக்கோங்க. தண்ணிக்கு நம்ம கெணத்துல எடுத்துக்கோங்க,” என்றார்.

விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, சேற்று மண்ணால் மெழுகித் தீ வைப்பார்கள். உள்ளே கனன்று நாட்கணக்கில் புகையும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது மெலிந்து நீலமானால் கரி பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாசியும் பங்குனியும் கீழ்காற்று. புகை நேராக எங்கள் பந்தலுக்குள் வந்து, கொத்துக்கொத்தாகத் தொங்கும் பழத்துக்கு நடுவே புகுந்து மலைப்பக்கம் போகும். அதை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை. இந்தப் பக்கத்தில் புகை இல்லாத நாள் எது? கழிவுக் காகிதம் எரிகிற புகை, வெடி சோதிக்கிற புகை, விறகடுப்புப் புகை எல்லாம் குடித்து வளர்ந்த சனம் நாங்கள். வெயில் அடிக்கிறது, காகம் கத்துகிறது, புகை வருகிறது. அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் வந்த பழம் போல நான் பார்த்ததில்லை. மழை பொய்த்ததால் பழம் சின்னதாக, தோல் தடிமனாக, கறுப்பாக இருந்தது. ரசம் தெளிந்து முதல் ருசி பார்த்த அன்று பிரதர் கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடியபடியே சிரித்தார்.

“மேரி, உக்காந்து பேசுது. எந்திரிக்க மாட்டேங்குது,” என்றார்.

அதைப் பீப்பாயில் வயதேறவிட்டு, பிறகு பாட்டிலில் அடைத்து, கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். கம்பெனிகள் திறந்த பிறகும் கரிமூட்டம் நிற்கவில்லை. பட்டாசு வேலையில் பயம் உண்டு, கரியில் கறுப்புதானே ஒட்டும் என்று பேச்சி சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் பாதிப்பேர் அப்படியே கரிக்கு மாறிவிட்டார்கள்.

சில வருடங்கள் போயின. பங்குக் கோயில்கள் வேறு இடத்தில் ரசம் வாங்கத் தொடங்கின. தோட்டத்தை வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்று சபைத் தலைவர் நேரிலேயே வந்து சொன்னார். நிலத்தை விற்றுவிடலாம் என்பது அவர் யோசனை. பிரதர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி கண்டுபிடித்தார். தேனிப் பக்கம் ஒயின் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, வயதேறத் தாங்கும் சிவப்பு ரசம் தரக்கூடிய தோட்டம் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் மண் அப்படிப்பட்டது என்று நிரூபித்தால், அவர்கள் தோட்டத்தை அப்படியே குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்கள். கொடியும் நிற்கும், கூலிக்கு வரும் பெண்களும் நிற்பார்கள், நானும் நிற்பேன். அதை நிரூபிக்க எங்களிடம் இருந்தது சிவப்பு நூல் கட்டிய பாட்டில்கள்.

கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருத்தி. அந்தப் பெண்ணின் பெயர் நளினி. மூன்று பேரும் பொட்டு வாசனைகூட இல்லாமல் வந்திருந்ததைப் பார்த்ததும் பிரதருக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. பொரியைப் பார்த்ததும் அவர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சாய்த்துப் பார்த்தார்கள். விளிம்பு அருமையான செங்கல் நிறம். பெரியவர் மற்ற இருவருக்கும் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். மோந்தார்கள். உலர்ந்த அத்திப்பழம், கருப்பட்டி, பழைய மரப்பெட்டி என்று ஆளுக்கொன்றைச் சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். நான் பிரதரைப் பார்த்தேன். அவர் கைகள் அங்கிக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தன. பிறகு வாயில் எடுத்தார்கள், உருட்டினார்கள், துப்பினார்கள். துப்பிய பிறகு காத்திருந்தார்கள். பெரியவரின் முகம் மெல்ல மாறியது. மறுபடி ஒரு வாய் எடுத்தார்கள். மூன்றாவது வாய்க்கு நளினி குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

“பிரதர், இந்தப் பழம் பழுக்கற சமயத்துல பக்கத்துல எங்காவது காடு எரிஞ்சதுங்களா?”

“காடா? இங்கன ஏதும்மா காடு?” என்றார் பிரதர்.

நானும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிழக்கே வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது.

“அது என்னங்க?”

“அதா? அது கரிமூட்டம்,” என்றேன். அதோ காகம் என்று காட்டுவதுபோலத்தான் சொன்னேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நளினி பொறுமையாக விளக்கினாள். விறகுப் புகை பழுக்கும் பழத்தின் தோல் வழியே உள்ளே இறங்கிச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளுமாம். இளம் ரசத்தில் அது ஒளிந்திருக்கும், வயதேற ஏற ஒட்டுப் பிரிந்து வெளியே வரும். எச்சில் பட்டால் இன்னும் பிரியும். அதனால்தான் துப்பிய பிறகு ஏறுகிறது.

“சாம்பல நக்கின மாதிரி நாக்குல நிக்குதுங்க. ரசம் நல்ல ரசம், மண்ணும் நல்ல மண்ணு. ஆனா இதுக்கு மருந்து இல்லீங்க. அப்புறம் வந்த வருசங்கள்லயும் இது இருக்கும். மன்னிச்சுக்கங்க பிரதர்.”

பெரியவர் போகும்போது பிரதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டில் பிடிக்கிற பிடி அது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குத்தகையைக் கைகழுவ அவர்களே கட்டிய கதை என்றேன். “மூணு பேருக்கும் ஒரே நாக்கா பிரதர்? முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காக.” பிரதரும் முதலில் நம்பவில்லை. அடுத்த நாளே வேட்டியை விரித்துப் பாட்டிலைத் திறந்தார்.

“சாம்பல் இருக்கா மேரி?”

“இல்ல பிரதர்.”

“எனக்கும் இல்லையே.”

நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் வாயில் அது உட்கார்ந்து பேசியது. சபைத் தலைவரிடம், மதிப்பீடு தப்பு, வேறு ஆட்களை அனுப்புங்கள் என்று சொல்லப் புறப்பட இருந்தார் பிரதர். அதற்குள் நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம்.

திரும்பி வந்த அன்று அழைத்துவர நான்தான் போயிருந்தேன். ஆட்டோ தோட்டத்துக் கேட்டடியில் நின்றது. பிரதர் ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலிதான் வந்துவிட்டதோ என்று தோளைப் பிடித்தேன்.

“மேரி, இது என்ன வாட?”

“என்ன வாட பிரதர்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குனிந்து என் தோள்பக்கம் முந்தானையை மோந்தார். அவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை. “இங்க எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?” என்றார்.

அறைக்குப் போகவில்லை, மருந்து சாப்பிடவில்லை. நேராக நிலவறைக்குப் போய்ச் சிவப்பு நூல் பாட்டிலைத் திறக்கச் சொன்னார். ஒரு வாய் எடுத்தார், துப்பினார், கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“இருக்கு மேரி,” என்றார்.

நானும் அதே குவளையில் எடுத்துப் பார்த்தேன். எனக்கு இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரை உங்கள் நாக்கைக் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் நாக்கை எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேனோ அவ்வளவுக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது.

சரி, புகைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கும் வழி இருந்தது. மூட்டத்தை நிறுத்தினால் அடுத்த சித்திரையில் சுத்தமான பழம் வரும். நளினி மண் நல்ல மண் என்று சொல்லியிருக்கிறாள். சபைத் தலைவரிடம் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்கலாம். இதையெல்லாம் நான் சொன்னேன். பிரதர் தலையாட்டினார். மறுநாள் காலை இருவரும் முனியாண்டியிடம் பேசப் போனோம்.

மூட்டத்தடியில் பேச்சி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். “ஒடம்பு எப்படி இருக்கீக பிரதர்? பாதியா போயிட்டீகளே,” என்று கண் கலங்கினாள். பேத்தியைக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட கதையைச் சொன்னாள். பிள்ளை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளாம். கோயில் நோட்டீசைக்கூட விடுவதில்லையாம். பிரதர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

முனியாண்டி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தான். “என்னமோ சொல்ல வந்தாப்புல இருக்கீக. சொல்லுங்க பிரதர். நிறுத்துன்னா நிறுத்திருதோம், வேற எடம் போன்னா போயிருதோம். ஒங்க எடம்.”

அவனுக்கு எதுவும் தெரியாது. நிலம் விற்கப் போவதாக ஊரில் பேச்சு அடிபட்டதால் அதைத்தான் நினைத்திருப்பான். நான் பிரதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

“ஒண்ணுமில்லலே. மூட்டம் நல்லா எரியுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார் பிரதர்.

திரும்பி வரும் வழியில் நான் நின்றுவிட்டேன். “எதுக்குப் பிரதர் சொல்லல?”

“அவுகளப் பட்டினி போட்டுட்டு நான் எந்த ரசத்தைப் பீடத்துல எடுத்து வைக்க?”

“பந்தல்ல வேலை செய்யிற எங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா? பிள்ளைகுட்டி இல்லையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வாசல் நிலை எதுவும் இல்லாத வெட்டவெளியில் அப்படிக் குனிந்து நடந்தார்.

சபைத் தலைவரிடமும் அவர் கரிமூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் தேறவில்லை என்று மட்டும் சொன்னார். என்னையும் வெளியே சொல்லக் கூடாது என்றார். இல்லக் கட்டடமும் நிலவறையும் மட்டும் சபையிடம் நிற்க, நிலம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் செய்த முதல் வேலை, மூட்டங்களை அகற்றியது. மருந்து கலக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் தீ எப்படி வைத்திருக்க முடியும்? முனியாண்டி தெருக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆக, பந்தலும் போயிற்று, மூட்டமும் போயிற்று. பிரதர் யாருக்காக வாயை மூடிக்கொண்டாரோ அவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

கொடிகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். கடைசியாக ஒரே ஒரு மூட்டம் போட முனியாண்டி அனுமதி வாங்கினான், கொடிகளைக் கொண்டு. கொடிக்கரி லேசாக இருக்கும், பட்டாசு மருந்துக்கு அதைத்தான் தேடி வாங்குவார்கள் என்றான். என் கொடிகள் கரியாகி லோடு ஏறிச் சிவகாசிக்குப் போயின. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அந்தப் புகையும் எனக்கு மணக்கவில்லை.

பிரதரை மதுரையில் சபையின் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருடமே போய்விட்டார். அடக்கத்துக்குப் போனேன், ஒரு பிடி மண் போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன்.

அதன் பிறகு மகளோடு விருதுநகர் வந்துவிட்டேன். மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த புதிதில் வத்தல் நெடியில் நானும் தும்மித் தும்மி மூக்குச் சிவந்து கிடந்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில்தான் பேச்சி வந்தாள். இருமல் விடவில்லை, நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவளை என் மகள்தான் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தாள். வாசலில் நின்று தும்மினாள். “யக்கா, எப்படி இருக்கீக?” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

நான் மூச்சை இழுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அவள் சேலையில், தலைமுடியில், தோலில் எல்லாம் அது இருந்தது. புகை என்று சொன்னால் போதாது. அணைந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த வாடை. இத்தனை வருடம் அவளோடு ஒரே பந்தலடியில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டிருக்கிறேன். அவளிடம் இப்படி ஒரு வாடை இருந்தது எனக்குத் தெரியாது. என்னிடமும் இருந்திருக்கும். பிரதர் என் முந்தானையை மோந்தது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது.

“இப்ப எங்கன வேலை பேச்சி?”

“கம்மாய்க்கு அங்கிட்டுப் பொறம்போக்குல மூட்டம் போடுதோம் யக்கா. என்னிக்குத் தொரத்துவாகளோ.” இருமிவிட்டு, மேசையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். “இது நம்ம தோட்டத்துதானே? செவப்புக் கயிறு, பிரதர் கட்டினது.”

இனி என்ன என்று தோன்றியது. பாட்டிலைத் திறந்தேன். வெள்ளைத் துணி விரிக்கவில்லை, பொரியும் இல்லை. டம்ளரில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பு செங்கல் நிறம் போய்க் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. வாயில் எடுத்தேன். அத்திப்பழம் வந்தது, மரப்பெட்டி வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

வந்தது. முதலில் நாக்கின் அடியில், பிறகு தொண்டையில், பிறகு வாய் முழுக்க. சாம்பல்தான். அந்த மூன்று பேரும் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. பிரதருக்கு ஆஸ்பத்திரி மாத்திரையால் வந்த கோளாறு இல்லை. என் நாக்கு, என் படிப்பு, நான் மிதந்த மிதப்பு எல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே இருந்துகொண்டு புகை இல்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறது. இத்தனை காலம் நான் பார்த்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்தபோது பேச்சி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கும் ஒரு வாய் தாங்க யக்கா. இத்தனை வருசம் பழம் ஒடிச்சிருக்கேன், ருசி தெரியாது.”

ஊற்றிக் கொடுத்தேன். துப்பத் தெரியாதவள் மடமடவென்று விழுங்கினாள். உதட்டை நக்கிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்தச் சாம்பல் அவளுக்குள் வரவே இல்லை.

“நல்லாத்தானே இருக்கு யக்கா. இதைப் போயா தேறலன்னு சொல்லி நெலத்தை வித்தாக? இதுல என்ன கொறை கண்டாக அவுக?”

பந்தல் போன நாளிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஒருநாள் முனியாண்டியிடமோ இவளிடமோ முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை வார்த்தையைக் கூட்டி வைத்திருக்கிறேன். இப்போது பதில் என் நாக்கிலேயே இருந்தது. அவள் இருமி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

“வெளியூர்க்காரனுகளுக்கு என்ன தெரியும்,” என்றேன். “ரசம் நல்ல ரசம்தான்.”

“அதானே,” என்றாள் பேச்சி. மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு படம் எடுக்கப் போக வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அவள் போன பிறகும் வாடை வீட்டில் இருந்தது. சாயங்காலம் மகள் வந்து சன்னலைத் திறக்கப் போனாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இளைய ஃபாதரின் மலருக்கு வேறு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கவாத்து, பந்தல், பழம் ஒடிக்கும்போது பெண்கள் பாடுவது என்று அவர் கேட்டபடி நல்ல நினைவுகள். இதை வேறு எங்காவது போட்டுக்கொள்ளட்டும், பெயர்களை மாற்றியிருக்கிறேன். மலரில் மட்டும் வரக் கூடாது. கோயிலிலிருந்து எது வந்தாலும் பேச்சியின் பேத்தி அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாள்.